ஏழாம் நம்பர் மெஷினும் என் வயிற்றெரிச்சலும்

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. யாரும் எடுத்துச் சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை எங்கள் ஊரான கரங்கான் பக்கம் வரும் மாதா கோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது மற்றப் பாவங்களை யோசித்து யோசித்துத்தான் சொல்வேன். இதை மட்டும் முதலிலேயே சொல்லி முடித்துவிடுவேன். எத்தனை முறை என்று அவர் கேட்பதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன.

ஆனால் இங்கே எழுதப்போவது சில்லறைப் பொறாமை அல்ல. பக்கத்து வீட்டுக்காரியின் புதுக் கார், நாத்தனாரின் வளையல் என்று காலையில் வந்து மாலையில் போகிற வகை இல்லை. மூன்று மாதம் என்னோடு கம்பனி பஸ்ஸில் ஏறி இறங்கிய பொறாமை இது.

நான் மலேசியாவில், கூலிமில் கம்ப்யூட்டர் சில்லுகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். பத்தொன்பது வருடமாக ஷிப்ட் வேலை. இரண்டு வாரம் காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை. அடுத்த இரண்டு வாரம் அப்படியே தலைகீழ். உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம் எதையும் நான் தவறவிட்டதில்லை, ஆனால் எல்லாவற்றுக்கும் பாதித் தூக்கத்தில்தான் போயிருக்கிறேன். கல்யாண ஆல்பங்களில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பவளைத் தேடினால் என்னைக் கண்டுபிடித்துவிடலாம். கணவரும் மகளும் நானும் ஒன்றாக உட்கார்ந்து இரவுச் சோறு சாப்பிடும் வாரங்களில்கூட அடுத்த வாரம் எப்போது தூங்குவது என்றுதான் மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்.

அதே தொழிற்சாலையில் நார்மல் ஷிப்ட் என்று ஒரு சொர்க்கம் இருக்கிறது. காலை எட்டுக்கு வந்து மாலை ஐந்தரைக்குக் கிளம்பிவிடுவார்கள். சனி, ஞாயிறு லீவு. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் அவர்கள் மேசையில் சின்னத் தொட்டியில் செடி வைத்திருப்பார்கள். அந்தச் செடியைக் கண்டால்கூட எனக்கு ஆகாது. அங்கே ஒரு நாற்காலி கிடைத்தால் போதும், வேறு எதுவும் கேட்க மாட்டேன் என்று மாதாவிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

அந்த நாற்காலிக்குக் குறுக்கே வந்தவன்தான் குருண்காரன். அவனும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே ஷிப்ட். அவன் குடும்பத்துக்குக் குருண் என்ற ஊரில் பெரிய சாலையோரம் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. மாதத்துக்கு இரண்டு தடவையாவது கடையிலிருந்து முட்டையும் கறியும் வைத்து மடித்த முர்தபாக் ரொட்டியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து எல்லோருக்கும் பங்கு வைப்பான். மலாய்க்காரர், சீனர், நேப்பாளத்துத் தொழிலாளர்கள் என்று அவனைப் பிடிக்காத ஆளே அந்தக் கட்டடத்தில் கிடையாது. எனக்கும் அந்த முர்தபாக் பிடிக்கும். அதுதான் என்னால் பொறுக்க முடியாத விஷயம். அதற்கு மேல் என்னை வாய்க்கு வாய் அக்கா என்று வேறு கூப்பிடுவான். நான் அவனைவிட மூன்று மாதம் இளையவள்.

எங்கள் வேலையில் ஷிப்ட் முடியும்போது பதிவு எழுத வேண்டும். எந்த மெஷினுக்கு என்ன ஆனது, நாம் என்ன செய்தோம், அடுத்து வருபவர் என்ன பார்க்க வேண்டும் என்று கம்ப்யூட்டரில் தட்டி, கீழே நம் ஊழியர் எண்ணைப் போட வேண்டும். மலாய், ஆங்கிலம், சுருக்கெழுத்து எல்லாம் கலந்த ஒரு பாஷையில் எழுதுவோம். கம்பனி பஸ் ஏழேகாலுக்குக் கிளம்பிவிடும், கரங்கான் பக்கம் போகும் டிரைவர் யாருக்காகவும் காத்திருக்க மாட்டார். அதனால் ஏழு அடித்ததும் எல்லோருடைய விரலும் ஒரே வரியைத்தான் தேடும். 'சாமா மாச்சாம் செமாலாம்.' அதாவது நேற்று மாதிரியேதான். நேற்றைய ஆள் என்ன எழுதியிருக்கிறார் என்று போய்ப் பார்த்தால் அவரும் அதையேதான் எழுதியிருப்பார். அதற்கு முந்தின ஆளும் அதையேதான். மெஷின் ஏன் நிற்கிறது என்று உண்மையாகவே தெரிய வேண்டுமென்றால் மாதக்கணக்கில் பின்னால் போய் முதல் வரியைத் தேட வேண்டும். அதற்கு யாருக்குப் பொறுமை இருந்தது?

எங்கள் மேனேஜர் ஒரு சீனப் பெண்மணி. அதிகம் பேச மாட்டார், பேசினால் மலாயில் கறாராகப் பேசுவார். ஒருநாள் குருண்காரனையும் என்னையும் கூப்பிட்டார். ஏ.ஐ. மொழி மாடல்கள் பற்றிக் கம்பனி நடத்திய ஆன்லைன் வகுப்பை முழுதாக முடித்த டெக்னீஷியன்கள் நாங்கள் இருவர் மட்டும்தான். ஷிப்ட் பதிவு முழுவதையும் படித்துவிட்டு, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் ஒரு மாடலை ஓட விட முடியுமா என்று பாருங்கள் என்றார். பதிவு வெளியே எங்கும் போகக்கூடாது, அதனால் இணையத்தில் இருக்கும் பெரிய மாடல்களைத் தொடக்கூடாது. புது மெஷின் வாங்கப் பட்ஜெட் கிடையாது. ஸ்டோரில் தூங்கும் பழைய லேப்டாப் இரண்டு இருக்கிறது, ஆளுக்கு ஒன்று. மூன்று மாதம் கழித்து யாருடையது நன்றாக வேலை செய்கிறதோ அவருக்கு டேட்டா பிரிவில் ஒரு இடம். நார்மல் ஷிப்ட்.

அவர் கடைசியாகச் சொன்ன இரண்டு வார்த்தைக்குப் பிறகு எனக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். குருண்காரன் என்னைப் பார்த்துப் பல் எல்லாம் தெரியச் சிரித்தான். "ஜாலியா இருக்கும் லா அக்கா," என்றான். அந்த இடம் எனக்கு மூச்சுக் காற்று மாதிரி, அவனுக்கு ஜாலி. அன்றைக்கு ஆரம்பித்தது.

லேப்டாப்புகள் ஸ்டோர் அறையை விட்டு வெளியே போகக்கூடாது. அங்கே இரண்டு மேசை போட்டுக் கொடுத்தார்கள். நான் என் மேசையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். அவன் மேசை வாசலைப் பார்த்து இருந்தது. போகிற வருகிற எல்லோரும் அவன் திரையை எட்டிப் பார்ப்பார்கள், அவனும் எல்லோருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பான்.

சின்ன மாடல் ஒன்றை லேப்டாப்பில் ஏற்றுவது பெரிய வித்தை இல்லை. அதன் உள்ளே இருக்கும் எண்களைத் துல்லியம் குறைத்துச் சுருக்கிவிட்டால் பழைய லேப்டாப்பிலும் உட்கார்ந்துகொள்ளும். முதல் வாரத்திலேயே இருவரும் அதைச் செய்துவிட்டோம். தலைவலி எங்கே என்றால் பதிவின் நீளத்தில். மாடல் ஒவ்வொரு சொல்லைப் படிக்கும்போதும் அதைப் பற்றி ஒரு குறிப்பை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும். அடுத்த சொல் வரும்போது பழைய குறிப்புகள் எல்லாவற்றையும் திரும்பிப் பார்த்துக்கொள்ளும். பத்துப் பக்கம் என்றால் சரி. ஒரு வருடப் பதிவைக் கொடுத்தால் குறிப்புகளே மாடலைவிடப் பெருத்துவிடும். லேப்டாப்பின் காற்றாடி கத்த ஆரம்பிக்கும், திரை உறைந்துபோகும், கடைசியில் எல்லாம் அணைந்துவிடும். என்னுடையது மூன்று முறை அணைந்தது. அவனுடையது எத்தனை முறை அணைந்தது என்று எண்ணினேன், ஐந்து. அந்த வாரம் எனக்குச் சோறு நன்றாக இறங்கியது.

நான் எடுத்த வழி நேரான வழி. மெஷின் இன்றைக்கு ஏன் நிற்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு வருடக் கதை எதற்கு? கடைசி மூன்று வாரத்தை மட்டும் ஞாபகத்தில் வை, புது நாள் வர வரப் பழைய நாளைக் கழித்துவிடு என்று அமைத்தேன். ஜன்னல் மாதிரி. ஜன்னலுக்குள் தெரிவது மட்டும்தான் மாடலுக்கு உலகம். லேப்டாப் மூச்சு வாங்கவில்லை. கேள்வி கேட்டால் கண் மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கான்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தான். கேட்காமலேயே சொல்ல ஆரம்பித்தான். அவனுக்கு ஒளித்து வைக்கத் தெரியாது. அதுவும் எனக்குப் பிடிக்காது.

"அக்கா, நான் முழு வருஷத்தையும் உள்ள ஏத்திட்டேன்."

கையில் எடுத்த கவளத்தைத் தட்டில் போட்டேன். "எப்படி ஏறும்? மெமரி எங்க இருக்கு?" என்றேன்.

"குறிப்பெல்லாம் அப்படியே முழுசா வச்சாத்தானே எடம் பத்தாது? நான் அதையும் சுருக்கிட்டேன். புதுசா வந்தத மட்டும் தெளிவா வச்சிருக்கேன், பழசெல்லாம் கொஞ்சம் மங்கலா இருந்தா என்ன இப்ப? அப்புறம் ஒன்னு பாத்தேன் அக்கா. மாடல் எல்லாக் குறிப்பையும் ஒரே மாதிரி பாக்கல. சிலத திரும்பத் திரும்பப் பாக்குது, சிலத எட்டியே பாக்க மாட்டேங்குது. எட்டிப் பாக்காதத தூக்கிப் போட்டுட்டேன். பாக்குறத மட்டும் வச்சிக்கிட்டேன்."

"ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வருஷத்தப் படிக்கறதுக்குள்ள ஷிப்ட் முடிஞ்சிரும்," என்றேன்.

"ஒரு வாட்டிதான் படிக்கும். படிச்சி முடிச்ச குறிப்ப டிஸ்க்ல சேவ் பண்ணிட்டேன். அப்புறம் கேள்வி மட்டும்தான். கொஞ்சம் மெதுவாதான் வருது, ஆனா வருது லா."

நான் தட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன். அவன் சொன்னது மூன்றும் எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. அதே வகுப்பில்தான் நானும் படித்தேன், நோட்டுப் புத்தகத்தில் பச்சை மையால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஆனால் எனக்குத் தோன்றவில்லை, அவனுக்குத் தோன்றியது. பொறாமையிலேயே மோசமானது இந்த வகைதான். இல்லாத பொருளுக்காகப் படும் பொறாமையை எதையாவது சொல்லி ஆற்றிக்கொள்ளலாம். நம் கையில் இருந்த அதே சாமானை வைத்து எதிராளி சமைத்துவிட்டால் என்ன சொல்லி ஆற்றுவது?

அவன் இல்லாத நேரமாகப் பார்த்து அவன் செய்ததை என் லேப்டாப்பில் செய்து பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அவசரத்தில் குறிப்புகளை அளவுக்கு மீறிச் சுருக்கிவிட்டேன் போலிருக்கிறது. எதைக் கேட்டாலும் ஆறாம் நம்பர் மெஷினுக்கு எண்ணெய் போடச் சொன்னது. மறுபடியும் என் ஜன்னலுக்கே திரும்பினேன்.

வீட்டில் வயிறு எரிகிறது என்று மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். என் கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர், அதிகம் பேசாதவர். நான் மாத்திரை போடுவதைப் பார்த்துவிட்டு, "ஒனக்கு கேஸ்ட்ரிக் இல்ல, குருண்காரன்தான்," என்றார். மகள் சிரித்துவிட்டாள். இரண்டு நாள் நான் இருவரோடும் பேசவில்லை.

மேனேஜர் பரீட்சை வைத்தது ஒரு புதன்கிழமை, காலை பத்து மணிக்கு. அவரோடு இரண்டு இன்ஜினியர்கள் வந்திருந்தார்கள். பெரிய திரையில் முதலில் என்னுடையது. ஐந்தாறு கேள்வி கேட்டார்கள், டக் டக்கென்று பதில் வந்தது. கடைசியாக மேனேஜர், ஏழாம் நம்பர் ஏன் அடிக்கடி நிற்கிறது என்று கேட்டார். அந்த மெஷின் மாதக்கணக்காக எல்லோர் உயிரையும் எடுத்துக்கொண்டிருந்தது. குட்டிச் சில்லுகளை உறிஞ்சித் தூக்கி வரிசையாக வைக்கும் மெஷின் அது. பாதி வழியில் சில்லைக் கீழே போட்டுவிடும், அது இடுக்கில் சிக்கி எல்லாம் நின்றுவிடும். என் மாடல் சொன்னது: சில்லு சிக்குகிறது, சுத்தம் செய்யப்படுகிறது, நேற்று மாதிரியேதான். மேனேஜர் எழுதிக்கொண்டார்.

அடுத்து குருண்காரன். ஒரு வருடத்தை விழுங்கிய மாடல் என்ன சொல்லப்போகிறதோ என்று நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். ஆனால் அவன் மாடலும் ஏறக்குறைய என்னுடையது சொன்னதையேதான் சொன்னது. சிக்குகிறது, சுத்தம் செய்கிறார்கள், நேற்று மாதிரியேதான். அதையும் என்னுடையதைவிட மெதுவாகச் சொன்னது. ஒரு இன்ஜினியர் கொட்டாவி விட்டார். குருண்காரன் எப்போதும்போல் கலகலவென்று இல்லை, தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். தோற்கப்போவது தெரிந்துவிட்டது போல என்று நினைத்தேன். அவன்மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. ஜெயித்தவளுக்கு இரக்கப்படுவது சுலபம்.

வேகமாகப் பதில் சொன்னது என்னுடையதுதான் என்று இடத்தை எனக்கே கொடுத்தார்கள். அடுத்த திங்கட்கிழமை நான் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தேன். காலை எட்டு மணி. பத்தொன்பது வருடத்தில் முதன்முறையாகத் தொழிற்சாலைக்குள் தூக்கம் வழியாத முகத்தோடு நுழைந்தேன். மாலை ஐந்தரைக்கு வெளியே வந்து கார் நிறுத்துமிடத்தில் கணவருக்குப் போன் செய்து, "இன்னைக்கு மூனு பேரும் ஒன்னா சாப்பிடலாம்," என்றேன். அந்த வாரம் நான்கு நாள் ஒன்றாகச் சாப்பிட்டோம். மகள் பள்ளிக்கூடத்துக் கதை சொன்னாள். அவளுக்கு இவ்வளவு கதை இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை குருண்காரனுடைய லேப்டாப்பை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார்கள். அதில் உபயோகமானது ஏதாவது இருந்தால் என்னுடையதோடு சேர்த்துக்கொண்டு மற்றதை அழித்துவிடச் சொன்னார்கள். அவன் வேலை எவ்வளவு மட்டம் என்று பார்த்துவிடும் ஆசையில் உடனே திறந்தேன்.

அவன் சேமித்து வைத்த குறிப்புகள் இரண்டு கோப்பாக இருந்தன. ஒன்று சின்னது, மூன்று வாரப் பதிவு மட்டும். பரீட்சை நாளன்று காலையில் செய்தது. இன்னொன்று பெரியது, முழு வருடம். கேட்ட கேள்விகளும் வந்த பதில்களும் தனியாகப் பதிவாகி இருந்தன. பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால் அவன் அந்த முழு வருடத்திடம் ஏழாம் நம்பர் ஏன் நிற்கிறது என்று கேட்டிருக்கிறான். மாடல் பதில் சொல்லியிருக்கிறது, எந்தப் பதிவிலிருந்து எடுத்தது என்று அந்தப் பதிவையும் காட்டியிருக்கிறது.

'உறிஞ்சும் முனை தேய்ந்துவிட்டது. அலாரம் விடாமல் அடிக்கிறது. அலாரம் எல்லையைத் தற்காலிகமாகத் தளர்த்தியிருக்கிறேன். நாளை புது முனை மாட்டியதும் பழைய எல்லைக்கு மாற்றவும்.' கீழே என் ஊழியர் எண். அதற்கும் கீழே, எழுதியவர்களின் எண்களோடு வரிசையாகச் 'சாமா மாச்சாம் செமாலாம்'; அந்த எண்களை நான் பார்க்கவில்லை.

சட்டென்று எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. லைன் லீடர் தலைமேல் நின்று கத்திக்கொண்டிருந்த ஒரு நாள். அலாரத்தின் வாயை அடைத்துவிட்டு, எழுதி வைத்துவிட்டு, நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு நாலு நாள் லீவில் போனேன். திரும்பி வந்ததும் என்னைப் பன்னிரண்டாம் நம்பர் பக்கம் மாற்றிவிட்டார்கள். புது முனையை யாரோ மாட்டியிருக்கிறார்கள். எல்லையை யாரும் மாற்றவில்லை. அந்த முனையும் தேயத் தேய, எச்சரிக்க வேண்டிய அலாரம் வாயைத் திறக்காது. மெஷின் சில்லைக் கீழே போடும். வந்தவர் சுத்தம் செய்துவிட்டு, நேற்று மாதிரியேதான் என்று எழுதிவிட்டு பஸ் பிடிக்க ஓடுவார். அந்த வரிகள் அத்தனையும் திரும்பிப் பார்த்தது என் ஒரு பதிவைத்தான். திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்டதால் அவன் மாடல் அதைத் தூக்கிப் போடவில்லை. என் மாடலோ மூன்று வாரத்துக்கு மேல் எதையும் வைத்துக்கொள்ளாது.

ஆக, அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பெரிய திரையில், மேனேஜர் முன்னால், என் எண் வந்து நிற்கும் என்று தெரிந்துதான் அன்று காலையில் மூன்று வாரத்தை மட்டும் ஏற்றியிருக்கிறான். வேண்டுமென்றே தோற்றிருக்கிறான்.

என் நெஞ்சில் நன்றி பொங்கியிருக்க வேண்டும். பொங்கவில்லை. எரிந்தது. ஜெயித்ததுகூட அவன் போட்ட பிச்சை! கெட்டிக்காரனாக இருந்தான், பொறுத்துக்கொண்டேன். எல்லோருக்கும் வேண்டியவனாக இருந்தான், அதையும் பொறுத்துக்கொண்டேன். இப்போது பெருந்தன்மைக்காரனாகவும் ஆகிவிட்டானே, இதை எப்படிப் பொறுப்பது?

சாப்பாட்டு நேரத்தில் கான்டீனில் அவனைப் பிடித்தேன்.

"முழு வருஷத்த ஏன் ஏத்தல?"

அவன் முகம் வெளுத்தது. "பாத்துட்டீங்களா?"

"யார் கேட்டா உன்கிட்ட? என்னக் காப்பாத்த நீ யாரு?"

"விடுங்க லா அக்கா. சும்மா…"

"நான் உனக்கு அக்கா இல்ல. உன்ன விட மூனு மாசம் சின்னவ."

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், அப்புறம் லேசாகச் சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டான். தியாகி சிரிப்பது இப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் நார்மல் ஷிப்ட்காரியின் லீவு எனக்கு. வாய்க்கு ருசியாகச் சமைத்தேன், ஒரு கவளம் உள்ளே போகவில்லை. நான் சும்மா இருந்தால் நாற்காலி என்னுடையது. ஆனால் ஒவ்வொரு நாளும் அந்த நாற்காலியில் அவனுடைய நல்ல குணத்தின் மீது உட்கார வேண்டும். அவன் ஷிப்டில் கண் சிவந்து போகும்போதெல்லாம் அவன்தான் உயர்ந்தவன், நான் தாழ்ந்தவள். திங்கட்கிழமை காலையில் அவன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன்.

முழு வருடக் கோப்பை ஏற்றி, அவர் முன்னாலேயே ஏழாம் நம்பரைப் பற்றிக் கேட்டேன். பதில் வந்தது. என் எண்ணை விரலால் தொட்டுக் காட்டி, இது நான்தான் என்றேன். அவன் பரீட்சையில் என்ன செய்தான் என்றும் சொன்னேன். நான் நல்லவள் என்பதால் சொல்லவில்லை. அவன் மட்டும் நல்லவனாக இருப்பது பொறுக்காமல் சொன்னேன்.

மேனேஜர் திரையை இரண்டு முறை படித்தார். போன் செய்து ஒரு இன்ஜினியரை ஏழாம் நம்பருக்கு அனுப்பினார். எல்லையைச் சரி செய்ததும், முனை தேய்ந்துவிட்டது என்று அலாரம் உடனே அடித்ததாம். புது முனை மாட்டினார்கள். அன்று முழுக்க அந்த மெஷின் ஒருமுறைகூட நிற்கவில்லை. சாயங்காலம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். இத்தனை வருடத்தில் தன் தவறைத் தானே கொண்டுவந்து காட்டிய ஆளை நான் பார்த்ததில்லை, உன் நேர்மையை மறக்க மாட்டேன் என்றார். ஆனால் எனக்கு வேண்டியது சீக்கிரம் பதில் சொல்லும் மாடல் இல்லை, மறக்காத மாடல் என்றார். டேட்டா பிரிவு இடம் அவனுக்கு. நான் அடுத்த வாரத்திலிருந்து பழையபடி ஷிப்டுக்கு.

வெள்ளிக்கிழமை என் சாமான்களை எடுத்துக்கொண்டிருந்தபோது குருண்காரன் வந்தான். உட்காராமல் நின்றான்.

"ஒன்னு சொல்லணும்."

"சொல்லு."

"நான் உங்களுக்காக மறைக்கல."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"உங்க பதிவுக்குக் கீழ வரிசையா வருது பாத்தீங்கல்ல, சாமா மாச்சாம் செமாலாம்னு? அதுல பாதி என் நம்பர்தான். நீங்க பன்னண்டுக்குப் போனப்புறம் ஏழு எங்கிட்டதானே இருந்துச்சி. ஒரு நாளாச்சும் செட்டிங்கத் தொறந்து பாத்திருந்தா ரெண்டு நிமிஷ வேல. பாக்கவே இல்ல. அது பெரிய ஸ்கிரீன்ல வந்தா என் மானம் போயிடும்னு பயந்துட்டேன். அதான் மூனு வாரத்த மட்டும் ஏத்தினேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் உட்கார்ந்துவிட்டேன். இல்லாத ஒரு பெருந்தன்மையைப் பார்த்து வயிறெரிந்து, கைக்கு வந்த நாற்காலியைத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன்.

"அன்னைக்கே கான்டீன்ல சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?" என்று கத்தினேன்.

அவன் தலையைச் சொறிந்தான். "நீங்க என்ன நல்லவன்னு நெனச்சிக்கிட்டுத் திட்டினீங்க. கேக்க நல்லா இருந்துச்சி லா."

அவனை அடித்திருக்கலாம். சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தபோது பொறாமை பழைய இடத்திலேயே இருந்தது, ஆனால் வேறு காரணத்துக்கு. பயந்துவிட்டேன் என்று இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டு ஒருவனால் நிம்மதியாக நிற்க முடிகிறது.

இப்போது அவன் ஐந்தரைக்கு வீட்டுக்குப் போகிறான், நான் ஏழேகால் பஸ்ஸுக்கு ஓடுகிறேன். மேனேஜர் நடைபாதையில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் நின்று, மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் போகிறார். புதிதாக வரும் டெக்னீஷியன்களிடம் என்னைக் காட்டி, நேர்மை என்றால் இவரைப் போல இருக்க வேண்டும் என்று சொல்கிறாராம். நான் ஏன் போய்ச் சொன்னேன் என்ற உண்மையை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.